வெட்டப்படாத பதினாறு பக்கங்கள்

கவிதை எழுதுகிறவர்களைச் சமாளிப்பது எளிது. 'ஆகா' என்று இரண்டு முறை சொன்னால் விட்டுவிடுவார்கள். நாவல் எழுதுகிறவர்களை, 'பாதி வந்துவிட்டேன், இன்னும் பாதிதான்' என்று ஆறு மாதம் ஓட்டிவிடலாம். ஆனால் சொந்தமாகக் கலைக்களஞ்சியம் போடுகிறவர் என்று ஓர் இனம் உண்டு. அதனிடம் அகப்பட்டவர் மீண்டு வந்ததாகச் செய்தி இல்லை. அந்த இனத்தைத்தான் இப்போது உங்களுக்கு அறிமுகம் செய்துவைக்கப் போகிறேன்.

அரிதான இனம்தானே என்று அலட்சியமாக இருந்துவிடாதீர்கள். தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். கல்யாண வீட்டில் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சமையல்காரரை மடக்கி, கையில் இருக்கும் கரண்டிக்கு என்ன பேர், அதன் காம்புக்கு என்ன பேர், காம்பில் இருக்கும் ஓட்டைக்கு என்ன பேர் என்று கேட்டு, அழைப்பிதழின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டிருப்பாரே, அவர்தான். துக்க வீட்டிலும் கேட்பார். ஆனால் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்பார்.

நமக்கு அகப்பட்டவரைத் தெருவில் எல்லாரும் 'களஞ்சியம்' என்றே சொல்வார்கள். முப்பது வருஷம் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பராக இருந்து, ஆணி எத்தனை, நட்டு எத்தனை என்று எழுதி எழுதிக் கை பழகிப் போனவர். ஓய்வு பெற்ற மறுநாள் எழுத ஏதும் இல்லாமல் கை நமநமவென்றது. வீட்டுச் சமையலறையில் நுழைந்து சாமான்களைப் பட்டியல் போட ஆரம்பித்தார். அந்தப் பட்டியல் வாசலைத் தாண்டி, தெருவைத் தாண்டி, மனிதக் கை தொடுகிற பொருள் எல்லாவற்றையும் வளைத்துப் போட்டுக்கொண்டு, அகப்பையில் தொடங்கி ஹேர்பின்னில் முடிகிற பொருட்களஞ்சியமாக வளர்ந்து நின்றபோது பதினேழு வருஷம் போயிருந்தது. பக்கம் ஆயிரத்து நானூற்று இருபத்து நான்கு.

பதிப்பாளர்களைப் பார்க்காமல் இல்லை. முதலாமவர், "இதுல கதை எங்க வருது?" என்று கேட்டார். இரண்டாமவர், அறுபது பக்கமாகச் சுருக்கி 'இல்லத்தரசிகளுக்கு இனிய குறிப்புகள்' என்று போடலாம் என்றார். மூன்றாமவர் கையெழுத்துப் பிரதிக் கட்டை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தார், கீழே வைத்தார், குடிக்கத் தண்ணீர் கேட்டார். விட்டேனா பார் என்று நம்மவர் சொந்தமாகவே போடுவதென்று முடிவு செய்தார்.

அச்சகத்தில் அவர் செய்த அட்டூழியம் கொஞ்சமா? மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது மூச்சு வாங்க ஓடி வந்து குறுக்கே நிற்பார்.

"நிறுத்துங்க. அரத்துல ஒரு வகை விட்டுப்போச்சு."

"அரம் போன வாரமே அடிச்சாச்சுங்க ஐயா. இப்ப ஓடுறது குடை."

அதனால் அரத்துக்கு ஒரு பின்னிணைப்பு வந்தது. பின்னிணைப்பு அச்சான பிறகு பூரான் மாதிரி இன்னொரு விவரம் ஊர்ந்து வந்தது. அதற்குப் பின்னிணைப்பின் பின்னிணைப்பு. அதிலும் விட்டுப்போனதைத் துண்டுத் தாளில் அடித்து உள்ளே செருகினார்கள். பைண்டர் வேறு தலையைச் சொறிந்தார். "ரெண்டு தொகுதியா போட்டுடலாம் ஐயா. இதத் தூக்குறவன் இடுப்பு புடிச்சுக்கும்" என்று கெஞ்சிப் பார்த்தார். நம்மவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இரண்டு தொகுதி என்றால் இரவல் வாங்குகிறவன் ஒன்றைத் திருப்பித் தரமாட்டானாம். இரவல் கேட்க ஆள் வரும் என்று எவ்வளவு நம்பிக்கை பாருங்கள்.

முந்நூறு பிரதியும் வீட்டுக்கு வந்து இறங்கின. மகளும் மாப்பிள்ளையும் வந்தால் தங்குகிற அறை கூரை வரை நிறைந்தது. "இனிமே மாப்பிள்ளைய நின்னுக்கிட்டே தூங்கச் சொல்லிடுங்க" என்றார் மனைவி.

இத்தனைக்கும் மனுஷர் ஆசைப்பட்டது பாராட்டுக்கோ பொன்னாடைக்கோ அல்ல. யாராவது ஒருவர், உலகத்தில் எந்த மூலையிலாவது ஒரே ஒருவர், 'இது என்னவாக இருக்கும்?' என்று ஒரு சந்தேகம் வந்து, அந்தப் புத்தகத்தைத் திறந்து பார்த்து, 'அட, இதுதானா' என்று மூடி வைக்க வேண்டும். அவ்வளவுதான். அந்த ஒருவருக்காகத்தான் பதினேழு வருஷம். நூற்றைம்பது பேருக்குச் சும்மாவே கொடுத்தார். வாரம் ஒருமுறை ஃபோன் போட்டு விசாரித்தார். எல்லாரும், "பிரமாதம், அப்பப்போ எடுத்துப் பாத்துக்கறோம்" என்றார்கள். நம்மவருக்குத் தலைகால் புரியவில்லை.

எட்டு மாதம் இப்படி நிம்மதியாகப் போயிற்று. ஒருநாள் சீப்பைப் பற்றி எழுதியதைச் சரிபார்க்க அவரே புத்தகத்தை எடுத்தார். பக்கம் திறக்கவில்லை. தாள்கள் தலைப்பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தன. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். பெரிய தாளை மடித்துப் பதினாறு பக்கமாக்கி, எல்லா மடிப்பையும் சேர்த்துத் தைத்து, ஓரத்தைக் கத்தியில் வெட்டுவார்கள் அல்லவா? அந்த ஒரு மடிப்பு மட்டும் கொஞ்சம் உள்வாங்கி நின்றுவிட, கத்தி அதன் தலையைத் தொடவே இல்லை. அறுநூற்று நாற்பத்தொன்றிலிருந்து அறுநூற்று ஐம்பத்தாறு வரை, சாவி முதல் சீப்பு வரை, வெட்டாத பக்கங்கள். அடுத்த பிரதியை எடுத்தார். அதிலும் அப்படியே. அறையில் இருந்த அத்தனையிலும் அப்படியே.

பைண்டருக்கு ஃபோன் போட்டுக் குதித்தார். பைண்டர் சாவகாசமாகக் கேட்டுவிட்டு, "யாராவது அப்பவே சொல்லியிருந்தா சரி பண்ணிக் குடுத்திருப்பேனே. யாரும் சொல்லலியேங்க" என்றார்.

ஃபோனை வைத்த பிறகுதான் அந்த வார்த்தை நம்மவருக்கு உறைத்தது. எட்டு மாதமாக நூற்றைம்பது வீட்டில் ஒருவர்கூடச் சொல்லவில்லை.

மறுநாள் காலையிலேயே சோதனைக்குக் கிளம்பிவிட்டார். முதலில் மைத்துனர் வீடு. புத்தகத்தின் மேல் கம்ப்யூட்டர் உட்கார்ந்திருந்தது. "எப்பவும் கைக்கெட்டுற இடத்துலயே வெச்சிருக்கேன் மாமா" என்றார் மைத்துனர். உருவிப் பார்த்தால் வெட்டவில்லை. அடுத்து பல் டாக்டர். நாற்காலியில் போட்டு, சின்னப் பிள்ளைகளை அதன் மேல் உட்காரவைத்துப் பல் பார்த்துக்கொண்டிருந்தார். "குழந்தைங்களுக்கு ரொம்ப உபயோகமா இருக்கு சார்" என்றார் உள்ளன்போடு. அதுவும் வெட்டவில்லை. கடைசியில் மகள் வீடு. கண்ணாடி அலமாரியில் பளபளவென்று நடுநாயகமாக நின்றது புத்தகம். "அழுக்காயிடக் கூடாதுன்னு பிளாஸ்டிக் உறையக்கூடப் பிரிக்கலப்பா" என்றாள் மகள். சோதிக்கவே வழியில்லை. பெற்ற மகளிடம் கோபித்துக்கொள்ளவும் முடியாமல், கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டார்.

"ஒருத்தரும் திறக்கல" என்றார் மனைவியிடம்.

"நான் படிச்சேனே, புரூஃப்ல."

"அது எழுத்துப்பிழை பாக்கறதுக்கு. அத எப்படிக் கணக்குல சேக்கறது?"

"ஆமா, ஆயிரத்து நானூத்துச் சொச்சம் பக்கத்தையும் ரெண்டு தடவ படிச்சவ மனுஷி இல்ல" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் துணி மடிக்கப் போய்விட்டார்.

பாக்கியிருந்தது நகர நூலகம் ஒன்றுதான். இவராகவே ஒரு பிரதி கொடுத்திருந்தார். பிறகு அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. மற்றவர்கள் எழுதியதைப் படிக்க அவருக்கு ஏது நேரம்? போனார். புத்தகத்தை இறக்கினார். அறுநூற்று நாற்பத்தொன்று தானாகத் திறந்தது. தலைப்பக்கம் ஸ்கேல் வைத்துப் பிளேடால் வெட்டிய மாதிரி நேர்கோடு. பதினாறு பக்கமும் திறந்து கிடந்தன. நம்மவர் புத்தகத்தோடு மேசைக்கு ஓடி, இதை யார் எடுக்கிறார்கள் என்று கேட்டார்.

"அதையா? ஒரு சார் தினமும் பதினோரு மணிக்கு வந்து எடுப்பாரு. நாலு மாசமா வராரு" என்றார் நூலகர் அம்மா.

மறுநாள் பத்து மணிக்கே இஸ்திரி போட்ட சட்டையோடு போய் உட்கார்ந்தார் நம்மவர். பெண் பார்க்கப் போனபோதுகூட நெஞ்சு இப்படி அடித்துக்கொள்ளவில்லை. பதினோரு மணிக்கு ஒல்லியாக ஒருவர் கனத்த பையோடு வந்தார். புத்தகத்தை இறக்கினார், பொருளடக்கம் பார்க்காமல் நேரே சாவிக்குப் போனார். நம்மவர் எதிர் நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

"புஸ்தகம் உபயோகமா இருக்குங்களா?"

"இதுவா? சாவிக்கு நாலே பக்கம். அந்த நாலு பக்கத்துல பதினோரு தப்பு."

"பதினொண்ணா?" என்றார் நம்மவர். "நான்தான் சார் அதை எழுதினவன்."

வேறு ஆளாக இருந்தால் எழுந்து ஓடியிருப்பார். இவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "ரொம்ப நல்லதாப் போச்சு. நான் முப்பத்திரண்டு வருஷம் லாட்ஜ் மேனேஜரா இருந்தவன். சாவிய மட்டும் வெச்சு ஒரு பேரகராதி பண்ணிட்டிருக்கேன், மூணு தொகுதி. யாரும் போட மாட்டேன்னுட்டாங்க, நானே போடறேன். அதுல உங்க தப்புக்குன்னே தனி அத்தியாயம் வருது."

"பக்க எண்ணோடயா?"

"பக்க எண், வரி எண் ரெண்டும் உண்டு."

நம்மவருக்குக் கண் நிறைந்துவிட்டது. "அப்படியே சிமெண்ட், சீப்பெல்லாம் பாத்தீங்களா?" என்று ஆவலோடு கேட்டார். "அதெல்லாம் எனக்கெதுக்கு?" என்றார் மேனேஜர். அதையும் அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்த இனத்தார் செய்த புத்தகத்தைத் திறந்து பார்க்கிறவர், அதைவிடப் பெரிதாக ஒன்று செய்துகொண்டிருக்கும் இதே இனத்தார்தான் என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது. தெரிந்தும் சந்தோஷமாகவே வீடு வந்து சேர்ந்தார்.

"ஒருத்தர் திறந்துட்டாருடி" என்றார் வாசலிலேயே. "சாவியில பதினோரு தப்பு கண்டுபிடிச்சிருக்காரு. மனுஷன்னா அவன் மனுஷன்."

மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். "பதினாலு" என்றார் நிமிராமல்.

"என்ன பதினாலு?"

"சாவியில. பதினொண்ணு இல்ல, பதினாலு." எழுந்து போய், அலமாரிக்கு மேலிருந்து புரூஃப் கட்டை இறக்கி அவர் முன்னால் வைத்தார். ஓரமெல்லாம் பென்சில் எழுத்து. 'நம் வீட்டுச் சாவி வலப்பக்கம் திருப்பினால்தான் திறக்கும்' என்று ஓர் இடத்தில். 'மேலே சொன்னதற்கும் இதற்கும் பொருந்தவில்லை' என்று ஓர் இடத்தில். அகப்பையிலிருந்து ஹேர்பின் வரைக்கும் அதே சீரான கையெழுத்து.

"இத ஏன் அப்பவே சொல்லல?"

"எழுதித்தானே குடுத்தேன். நீங்க கட்டப் பிரிக்கவே இல்ல."

நம்மவர் தரையில் உட்கார்ந்தார். கயிறு போட்ட முடிச்சின் தடம் முதல் தாளில் இன்னும் பதிந்திருந்தது. அதைத் தடவிக்கொடுத்துவிட்டுப் படிக்க ஆரம்பித்தார். இதோடு மனுஷர் திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? நாலாவது பக்கத்தில் தலையை நிமிர்த்தி, "இது தப்பில்ல, நான் எழுதினதுதான் சரி" என்றார். மனைவி வெங்காயத்தை வைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அங்கே ஆரம்பித்த சண்டை இரண்டாம் பதிப்பு வரைக்கும் போகும் என்று தெருவே பேசிக்கொள்கிறது.

சரி, சிரித்தது போதும். உங்களை ஒன்று கேட்கிறேன், மழுப்பாமல் சொல்லுங்கள். இந்த இனத்தைப் பற்றி இவ்வளவு எழுதியவன் முக்கியமான ஒரு வகையை விட்டுவிட்டானே என்று சற்று முன்பிருந்தே உங்கள் மனசு அரித்துக்கொண்டிருக்கிறதா? ஓரத்தில் குறித்துவைக்கக் கை பேனாவைத் தேடுகிறதா? தாராளமாக எழுதுங்கள், நான் யார் தடுக்க? ஆனால் அதற்கு முன்னால், உங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒருவர் பென்சிலில் ஏதாவது எழுதிவைத்திருக்கிறாரா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.