தலைவர் வேட்பாளரும் ஓ பாசிட்டிவ் ரத்தமும்

வேலையில்லாமல் வீட்டில் இருக்கும் படித்தவனிடம் ஒரு பொறுப்பைக் கொடுத்துவிடக் கூடாது. எல்லோரையும் போல அதைச் செய்துவிட்டுப் போகமாட்டான், விஞ்ஞானபூர்வமாகச் செய்வான். எம்.பி.ஏ. முடித்துவிட்டு, ஸ்ரீரங்கத்து வீட்டில் ஃபேனைப் பார்த்தபடி படுத்திருந்த நாட்களில் நானும் அப்படி ஒரு காரியம் செய்தேன். அதற்குப் பிறகும் அப்பா என்னோடு பேசுகிறார் என்றால் அது அவருடைய பெருந்தன்மை.

என் தாய்மாமா ஒரு கட்சியில் மாவட்ட அளவில் பொறுப்பில் இருந்தார். (எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள். குடும்பத்தில் சண்டை வரும்.) முசிறிப் பக்கம் ஒரு பேரூராட்சியில் வார்டு தேர்தல் முடிந்து, அவர்கள் கட்சிக்கே பெரும்பான்மை கிடைத்திருந்தது. ஜெயித்த கவுன்சிலர்களில் இரண்டு பேர் தலைவர் நாற்காலிக்கு முட்டி மோதிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் வாழை மண்டி பெரியசாமி. இன்னொருவர் தையல்கடை செல்வி. கட்சி யாரை வேட்பாளராக அறிவிக்கலாம் என்று மாமா இரண்டு நாளில் அறிக்கை அனுப்ப வேண்டும்.

"ஊர்ல நாலு பேர்கிட்ட விசாரிச்சுட்டு வாடா. வேற ஒண்ணும் பண்ணாத" என்றார் மாமா. இரண்டாவது வாக்கியம் என் காதில் விழவே இல்லை.

டீக்கடையில் விசாரிப்பதெல்லாம் பழைய காலத்து முறை என்று எனக்குத் தோன்றியது. கஷ்டத்தில் இருக்கும் ஒரு சாதாரண ஆளாக அவர்கள் முன்னால் போய் நின்று, யார் எப்படி உதவுகிறார்கள் என்று பார்த்து மார்க் போடுவதுதான் என் திட்டம். புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் அப்பாவைச் சேர்த்திருக்கிறேன், உடனே ரத்தம் வேண்டும் என்று கதை தயார் செய்தேன். பொய்ப்பெயர் ஒன்று யோசித்து வைக்க மறந்துவிட்டேன். அதனால் அப்பாவின் பெயரையே சொன்னேன். எங்கள் தெருவின் பெயரையும் சொன்னேன்.

பெரியசாமி என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து கட்டிக்கொண்டார். "தம்பி, உங்க அப்பா எனக்கு அப்பா மாதிரி. பத்து பேரை அனுப்புறேன், கவலைப்படாதீங்க. அவர் போட்டோ ஒண்ணு அனுப்பி வைங்க" என்றார். என் கண்ணே கலங்கிவிட்டது. ஒன்பது மார்க் போட்டேன்.

செல்வி தையல் மெஷினை விட்டு எழுந்திருக்கவில்லை. "எந்த ஆஸ்பத்திரி? என்ன குரூப்பு? எத்தனை மணிக்குள்ள வேணும்? டாக்டர் சீட்டு எங்க?" என்று போலீஸ் மாதிரி கேட்டார். ஆஸ்பத்திரி பெயரையும் ஓ பாசிட்டிவ் என்பதையும் மட்டும் சொன்னேன். அவரும் போட்டோ கேட்டு வாங்கி, கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி, போங்க. பாக்குறேன்" என்றார். அவ்வளவுதான். நாலு மார்க். பக்கத்தில் 'மக்களிடம் கனிவு போதாது' என்று குறிப்பும் எழுதினேன்.

இரண்டு பேருக்கும் நான் அனுப்பியது அப்பாவின் அறுபதாம் கல்யாணப் படம். கழுத்தில் பெரிய மாலை இருக்கும். என் போனில் இருந்த ஒரே படம் அதுதான்.

மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தபோது போன் அடித்தது.

"தம்பி, செல்வி பேசுறேன். ஆஸ்பத்திரியிலதான் நிக்கிறேன். அப்படி யாரும் சேரலைங்கிறாங்களே. எந்த வார்டு?"

எதிரில் அப்பா இரண்டாவது முறையாக ரசம் ஊற்றிக்கொண்டிருந்தார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. "அக்கா... இனி ரத்தம் வேண்டாம்க்கா" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். ஒருவருக்கு மட்டும் தகவல் சொன்னால் பாரபட்சம் ஆகிவிடுமே என்று பெரியசாமிக்கும், 'ரத்தம் இனி தேவைப்படாது. நன்றி' என்று மெசேஜ் அனுப்பினேன். போனை அணைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். பெற்ற மகன் அடைத்த குரலில் இப்படிச் சொன்னால் கேட்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்று யோசிக்க எம்.பி.ஏ. போதவில்லை.

மறுநாள் காலை "அத்தான்" என்று அலறிக்கொண்டு மாமா தெருவில் ஓடி வந்தார். வாசலில் நாற்காலி போட்டு அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மாமா அவர் கையைப் பிடித்து நாடி பார்த்தார். பிறகு பஸ் ஸ்டாப் சுவரிலிருந்து கிழித்து வந்திருந்த போஸ்டரை விரித்தார். மேலே 'கண்ணீர் அஞ்சலி'. மூலையில் ஸ்டாம்ப் அளவில் அப்பா, மாலையோடு. மீதி இடம் முழுக்கக் கைகூப்பியபடி பெரியசாமி. மாவட்டப் பொறுப்பாளர் குடியிருக்கும் ஊரில் ஒட்டினால் அவர் கண்ணில் படும் என்று கணக்குப் போட்டிருக்கிறார் மனுஷன். அது சரியாகவே பட்டிருந்தது.

அப்பா போஸ்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொல்லி முடிப்பதற்குள் ஒரு வேன் வந்து நின்றது. ஆளுயர மாலையோடு பெரியசாமி இறங்கி, நேராக அப்பாவிடம் வந்தார்.

"பெரியவரே, கொஞ்சம் நகருங்க. பாடி உள்ளயா இருக்கு?"

"யாரோட பாடி?" என்றார் அப்பா.

"சிவராமன் ஐயாதான். எனக்கு அப்பா மாதிரி. அடிக்கடி பேசிக்குவோம்."

"என்ன பேசுவாரு?"

"எல்லாம் கட்சி வளர்ச்சியைப் பத்திதான்."

அப்பா நாற்காலியை நகர்த்தி வழி விட்டார். மாமா தூணுக்குப் பின்னால் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில் ஆட்டோவில் செல்வி வந்தார். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. கேட்டைத் திறந்தவர், அப்பாவைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். "சார்... நீங்கதானே" என்றார். போனை எடுத்துப் படத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு வாசற்படியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

"ஒரு கல்யாண ஜாக்கெட்டை முடிச்சுக் குடுத்துட்டுக் கிளம்பினேன் சார். அதுல ஒரு பஸ் போயிடுச்சு. அந்த பஸ்ஸைப் பிடிச்சிருந்தா உங்களைக் காப்பாத்தியிருக்கலாமோன்னு ராத்திரி பூரா தூக்கமே இல்ல."

எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது. மாலை வேறு தயாராக இருந்தது. செல்வியிடம் உண்மையைச் சொன்னேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து அப்பாவிடம், "உங்க பையனை ஒரு அடி அடிச்சுக்கட்டுமா சார்?" என்று கேட்டார். "தாராளமா" என்றார் அப்பா. செல்வி அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை என்று இன்றும் நினைக்கிறேன்.

உள்ளே போயிருந்த பெரியசாமி எல்லா அறைகளிலும் தேடிவிட்டு வெளியே வந்து, "காட்டுக்கு எடுத்துட்டாங்களா?" என்று மாமாவிடம் விசாரித்தார்.

என் அறிக்கையை மாமா நாலாகக் கிழித்தார். கட்சிக்கு அவர் அனுப்பிய அறிக்கையில் ஒரே வரிதான்: 'உயிரோடு இருப்பவரை அடையாளம் கண்டவர் செல்வி மட்டுமே.' செல்வியைத்தான் கட்சி அறிவித்தது. அவர்தான் தலைவரானார்.

அப்பா அந்த போஸ்டரைத் தூக்கிப்போட விடவில்லை, பீரோவில் வைத்திருக்கிறார். கிரெடிட் கார்டு, கடன் என்று யாராவது போனில் "சிவராமன் சார் இருக்காங்களா?" என்று கேட்டால், "அவர் தவறிட்டாரேம்மா" என்கிறார். எதிர்முனையில் பதறிப்போய், "ஐயோ, எப்படி சார்?" என்று கேட்டுவிட்டால் போதும்.

"பையன்தான் காரணம். இதோ பக்கத்துலதான் இருக்கான், பேசுங்க" என்று போனை என்னிடம் நீட்டிவிடுவார்.