கரடியின் குரல் குறித்து ஒரு திருத்தம்

அன்புள்ள மைத்துனரும், பத்திரிகையின் சினிமாப் பக்கத்தைத் தனி ஆளாகத் தாங்கி நிற்பவருமான தங்களுக்கு,

முதலில் நலம் விசாரிக்க வேண்டும் என்பதால் விசாரிக்கிறேன். தாங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள். வெள்ளிக்கிழமை டிக்கெட் வாங்காமல் படம் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்வதையே தொழிலாகக் கொண்டவருக்கு என்ன குறை வந்துவிடப் போகிறது? இங்கே தங்கள் அக்காவின் முழங்கால் வலியும் என் தொண்டைக்கட்டும் நல்ல ஆரோக்கியத்துடன் இருக்கின்றன. மகள் புது வேலைக்காக வருகிற ஞாயிறு மாலை வெளியூர் கிளம்புகிறாள் என்பதும், கிளம்பும்வரை என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று இருக்கிறாள் என்பதும் தங்களுக்குத் தெரிந்திருக்கும். தங்கள் அக்காவுக்குத் தெரிந்த எதுவும் அன்று மாலைக்குள் தங்களுக்குத் தெரியாமல் இருந்ததில்லை.

நிற்க. அந்தக் கரடி கார்ட்டூன் படத்தைப் பற்றித் தாங்கள் எழுதிய விமர்சனத்தைப் படித்தேன். படித்தேன் என்பதைவிட, எனக்குப் படித்துக் காட்டப்பட்டது என்பதே சரி. தங்கள் அக்கா அதைச் சத்தமாக, என்னை நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்தபடி படித்தாள். 'ஒவ்வொரு தகப்பனும் கட்டாயம் பார்க்க வேண்டிய படம்' என்று எழுதியிருந்தீர்கள். போகட்டும். அப்பா கரடிக்குக் குரல் கொடுத்த பெரிய நடிகரைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடியிருந்தீர்கள். அதுவும் போகட்டும். கடைசியில், 'மூடிய கதவுக்கு வெளியே கரடி பேசும் அந்தக் காட்சி ஒன்று போதும். அந்தக் குரலை இவரைத் தவிர இன்னொருவர் தந்திருக்கவே முடியாது' என்று முடித்திருந்தீர்களே, அங்கேதான் எனக்கு வயிறு எரிந்தது. இன்னொருவர் தந்திருக்கிறார், மாப்பிள்ளை. அந்த இன்னொருவர் நான்தான்.

இனிமேல் 'தாங்கள்' எல்லாம் எனக்கு வராது. நீ என்றே எழுதுகிறேன். நடந்தது இதுதான். பெரிய நடிகர் ஸ்டுடியோவுக்கு வந்தார், மைக்கோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார், முதல் இரண்டு காட்சிகளுக்குப் பேசினார், வெளிநாட்டுப் படப்பிடிப்பு என்று கிளம்பிப் போனார். போனவர் வரவில்லை. படம் வெளியாகும் தேதியோ போஸ்டர் போஸ்டராக ஒட்டியாகிவிட்டது. ஸ்டுடியோ மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "அவர் பேசுற மாதிரியே வேணும், ஆனா கொஞ்சம் நல்லா வேணும்" என்றார். பேசினேன். பேசியது நான்தான் என்று வெளியே மூச்சுவிடக் கூடாது என்று கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். அதனால்தான் உன் அக்காவிடம் சொல்லவில்லை. அவளிடம் சொல்வதும் ஒலிபெருக்கி வைத்து ஊர்முழுக்கச் சொல்வதும் ஒன்றுதான் என்பது கூடப் பிறந்த உனக்குத் தெரியாததா?

என் பிழைப்பு உனக்குத் தெரியும், இருந்தாலும் ஒருமுறை கேள். நான் டப்பிங்கில் இத்தனை வருஷமாகப் பேசியதெல்லாம் அடியாட்களுக்கு. "பாஸ், அவன் தப்பிச்சிட்டான்!" என்பது என் வாழ்நாள் வசனம். மலையிலிருந்து விழுந்து செத்திருக்கிறேன், தண்ணீரில் மூழ்கிச் செத்திருக்கிறேன், ஒரு படத்தில் முதலை விழுங்கிய பிறகும் உள்ளேயிருந்து கொஞ்ச நேரம் கத்தியிருக்கிறேன். விளம்பரங்களின் கடைசியில் 'நிபந்தனைகளுக்கு உட்பட்டது' என்று ஒருவன் மூச்சுமுட்டச் சொல்வானே, அவனும் நான்தான். பகல் முழுக்க இப்படிச் செத்துவிட்டு வீட்டுக்கு வந்தால் தொண்டை வெந்துபோய்க் கிடக்கும். அதனால் வீட்டில் பேசுவதில்லை. மேஜையில் ஒரு தட்டுத் தட்டினால் வெந்நீர், இரண்டு தட்டினால் டி.வி. சத்தத்தைக் குறை, கையை வீசினால் பிறகு பார்த்துக்கொள்ளலாம். குடும்பம் முழுக்க இதற்குப் பழகிவிட்டது. "வாசல்லயே மைக்கை ஆஃப் பண்ணிட்டுத்தான் உள்ள வருவாரு" என்று உன் அக்கா வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். ஊருக்கெல்லாம் குரலை விற்றுவிட்டு வருகிறவன் வீட்டுக்கு மிச்சத்தைத்தானே கொண்டுவர முடியும்?

இப்போது அந்தக் கதவுக் காட்சி. நீ ஒரு பத்தி முழுக்க உருகியிருந்த அதே காட்சி. குட்டிக் கரடி கோபித்துக்கொண்டு உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொள்கிறது. அப்பா கரடி வெளியே பனியில் உட்கார்ந்து, "நீ கதவைத் திறக்க வேண்டாம்மா. நான் போயிடவும் மாட்டேன். இங்கயேதான் உட்கார்ந்திருக்கேன்" என்கிறது. அவ்வளவுதான் வசனம். அதற்கு எனக்கு டேக் மேல் டேக்காக ஒரு பகல் பிடித்தது. நான் எப்படிச் சொன்னாலும், கதவைத் திறக்காவிட்டால் உடைத்துவிடுவேன் என்று மிரட்டுகிற மாதிரியே வந்தது. அடியாள் பழக்கம், எங்கே போகும்? கடைசியில் டப்பிங் டைரக்டர், சின்ன வயசுப் பெண், கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து, "சார், கரடியை விடுங்க. உங்க வீட்ல யார்கிட்டயாவது இதைச் சொல்லணும்னு தோணியிருக்கும்ல, அவங்ககிட்ட சொல்லுங்க" என்றாள். நான் கண்ணை மூடிக்கொண்டு என் மகளிடம் சொன்னேன். சொல்லி முடித்ததும் சவுண்ட் என்ஜினியர் எழுந்து வெளியே போய்விட்டார். ஏதோ மெஷின் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். கெட்டது மெஷின் இல்லை, அவர் மூக்கைச் சிந்தப் போயிருந்தார்.

அன்று மாலை நான் வீட்டுக்குள் நுழைகிறேன், மகள் ஓடி வருகிறாள். "அப்பா, எனக்கு வேலை கிடைச்சிருச்சு. வெளியூர்தான். போகட்டுமா?" என்று மூச்சுவாங்கக் கேட்கிறாள். எனக்குத் தொண்டையிலிருந்து காற்று மட்டும்தான் வருகிறது. தலையை ஆட்டினேன். அப்புறம் மேஜையில் ஒரு தட்டுத் தட்டினேன்.  அவள் உள்ளே போய் வெந்நீர் கொண்டுவந்து வைத்துவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டாள். அன்றைக்குத் தொடங்கியதுதான் இந்த மௌனம். என்னிடமிருந்த நல்ல குரலையெல்லாம் ஒரு கரடிக்காகக் காலி செய்துவிட்டு வந்திருக்கிறேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? கையெழுத்து வேறு போட்டிருக்கிறேன்.

இதற்கு மேல் நீ எழுதின விமர்சனம் வந்து சேர்ந்தது. "என் தம்பியே எழுதிட்டான், தகப்பன்மார் எல்லாம் கட்டாயம் பார்க்கணுமாம்" என்று உன் அக்கா என்னைத் தியேட்டருக்கு இழுத்துக்கொண்டு போனாள். மகளும் வந்தாள், அம்மாவுக்காக. கதவுக் காட்சி வந்தது. தியேட்டர் முழுக்க மூக்கு உறிஞ்சும் சத்தம். பக்கத்து வரிசையில் ஒரு தடியர், கழுத்தே இல்லாதவர், கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினார். உன் அக்கா அழுதபடியே முழங்கையால் என் விலாவில் இடித்து, "கேளுங்க, நல்லா கேளுங்க. அப்பான்னா இப்படிப் பேசணும்" என்றாள். மகள் அழவில்லை. திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள். இருட்டிலும் அது சுட்டது. தன் குரலையே தனக்கு எதிராகச் சாட்சி சொல்ல விட்டுவிட்டு, பாப்கார்ன் டப்பாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரே மனுஷன் உலகத்தில் நானாகத்தான் இருப்பேன். அடியாட்களை முதலை விழுங்குவது எவ்வளவோ தேவலை.

இப்போது கேட்கிறேன், இந்தப் படம் இத்தனை ஆர்ப்பாட்டத்துக்குத் தகுதியானதா? தொழில்காரனாகச் சொல்கிறேன், பாதிதான். பனி நன்றாக இருக்கிறது, ஒவ்வொரு ரோமத்தையும் தனித்தனியாக வரைந்திருக்கிறார்கள். ஆனால் அந்த அணில் எதற்கு? நல்ல காட்சி எங்கே வந்தாலும் குறுக்கே ஓடிவந்து தடுக்கி விழுவதற்குத்தானே? இடைவேளைக்குப் பிறகு கதை எங்கே போவது என்று தெரியாமல் பாட்டுப் பாடிக்கொண்டே பனியில் நடக்கிறது. எல்லாவற்றையும்விடப் பெரிய மோசடி அந்தக் கரடி. அதற்கு வேலைவெட்டி கிடையாது, தொண்டைக்கட்டு கிடையாது. வாயைத் திறந்தால் பின்னாலே ஒரு கூட்டம் வயலின் வாசிக்கிறது. எனக்குப் பின்னாலும் வயலின் வாசித்தால் நானும் நல்ல அப்பாதான். நான் பேச வாயெடுக்கும்போது பின்னால் ஓடுவது மிக்ஸி. இதையெல்லாம் நீ ஒரு வரி எழுதினாயா? கரடியைப் பார்த்துத் தகப்பன்மார் கற்றுக்கொள்ள வேண்டும் என்று எழுதினாய். அந்தக் கரடி யாரைப் பார்த்துக் கற்றுக்கொண்டது என்று கேட்க உனக்குத் தோன்றவில்லை.

படம் முடிந்ததும் எழுத்துகள் ஓடின. டப்பிங்கில் 'உதவிக் குரல்கள்' என்று கடைசியில், எறும்பு சைஸில், என் பேரும் வரும் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். அதையாவது காட்டலாம், எந்தக் குரல் என்று அவர்களாகவே கேட்டால் நான் சொன்னதாக ஆகாதே என்று, "உட்காருங்க" என்று கையைக் காட்டினேன். "லிஃப்ட்ல கூட்டம் வந்துடும், எழுந்திருங்க" என்று உன் அக்கா எல்லாரையும் கிளப்பிவிட்டாள். வீட்டுக்கு வரும் வழியில்தான் மகள் வாயைத் திறந்தாள். "அந்தக் கரடி மாதிரி ஒரு நாளாவது என்கிட்ட பேசியிருக்கீங்களாப்பா?" என்றாள். பேசியிருக்கிறேனே என்று கத்த வேண்டும் போல இருந்தது. கையை வீசினேன். வேறென்ன செய்ய?

நேற்று துணிந்து ஒரு காரியம் செய்தேன். அவள் அறைக் கதவு சாத்தியிருந்தது. வெளியே தரையில் உட்கார்ந்தேன். உட்காருவதற்கே சுவரையும் ஸ்டூலையும் பிடிக்க வேண்டியிருந்தது, கரடிக்கு அந்தப் பிரச்சினையும் இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, "நீ கதவைத் திறக்க வேண்டாம்மா" என்று ஆரம்பித்தேன். "அந்த வசனத்தை மட்டும் இங்க பேசாதீங்கப்பா!" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது. சத்தம் கேட்டு ஓடிவந்த உன் அக்கா, "படத்தைப் பார்த்துக் காப்பியடிக்க ஆரம்பிச்சுட்டாரு! அதுவும் கொஞ்சம்கூட ஒட்டலை" என்று தலையில் அடித்துக்கொண்டாள். நான் பேசியதை நானே பேசினால் எனக்கே ஒட்டவில்லையாம். எழுந்திருக்கவும் முடியவில்லை. கடைசியில் உன் அக்காதான் கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டாள்.

ஆகவே மாப்பிள்ளை, உன்னிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. வருகிற ஞாயிறு காலை உன் பக்கத்தில் ஒரு திருத்தம் போட வேண்டும். கதவுக் காட்சியில் பேசியது பெரிய நடிகர் இல்லை, என் அத்தான் என்று கொட்டை எழுத்தில் போடு. ஸ்டுடியோக்காரன் என்னை இனிமேல் உள்ளே விடமாட்டான். விடாவிட்டால் போகட்டும், செத்துச் செத்து எனக்கும் அலுத்துவிட்டது. காலையில் பேப்பர் வந்தால் அவள் மாலையில் வண்டி ஏறுவதற்குள் படித்துவிடுவாள். தன் அப்பனுக்கும் அப்படிப் பேசத் தெரியும் என்று தெரிந்துகொண்டு ஊருக்குப் போகட்டும். இது தெரியாமல் அவள் போய்விட்டால் எனக்குத் தாங்காது.

உன் மனைவிக்கு என் அன்பு. உன் பிள்ளைகள் நன்றாகப் படித்து, உன்னைப் போல விமர்சனம் எழுதாமல், யாருக்காவது உபயோகமாக இருக்கட்டும் என்று மனதார வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
உன் அக்காவின் கணவன், கரடி

பி.கு.: மேலே எழுதியது எதையும் போட்டுவிடாதே. கடிதத்தை மடிக்கப் போகும் நேரத்தில் மகள் அட்டைப்பெட்டி ஒட்ட டேப் தேடிக்கொண்டு உள்ளே வந்தாள். என் கையில் இருந்ததைப் பார்த்தாள்.

"மாமாவுக்கா?"

தலையை ஆட்டினேன்.

"கரடி நீங்கதான்னு எழுதிட்டீங்களா?"

 உனக்கு எப்படித் தெரியும் என்று கையாலேயே கேட்டேன்.

"கதவுக்கு வெளியே அது வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடியே தெரிஞ்சிருச்சு. வீட்ல நீங்க எப்பவாவது பேசறதுக்கு முன்னாடி மூக்கால ஒரு மூச்சு இழுப்பீங்க. சின்ன வயசுலேருந்து அந்த மூச்சு கேட்டாலே, அடுத்து திட்டு வரும்னு நடுங்கிக்கிட்டு நிப்பேன். கரடியும் அதே மூச்சை இழுத்துச்சு. ஆனா அதுக்கப்புறம் அப்படிப் பேசுச்சு." டேப்பின் நுனியை நகத்தால் தேடிக்கொண்டே சொன்னாள். "வேற யாரோ பேசியிருந்தா அழுதுட்டு மறந்திருப்பேன்ப்பா. நீங்கன்னு தெரிஞ்சதாலதான் எனக்குக் கோபமே. இப்படி ஒரு குரல் உங்ககிட்ட இருந்திருக்கு. அதைக் கொண்டுபோய் ஒரு கரடிக்குக் குடுத்திருக்கீங்க."

அவள் சொன்னதற்கு உன் பத்திரிகையில் போட ஒரு திருத்தமும் கிடையாது. பதில் சொல்ல வாயைத் திறந்தேன், மாப்பிள்ளை. வந்தது பாதி இருமல். மீதி, "பத்திரமா போ." அதுவும் யாரையோ கடத்தி வைத்திருக்கிறவன் சொல்கிற மாதிரி.

அவள் போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. டேப்பைக் கீழே வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்து என் எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

"சரியா வரலப்பா. இன்னொரு டேக் போங்க" என்றாள்.