கண்டக்டர் மரியாதையாகப் பேசுகிறார்

"வாங்க ஆத்தா, பாத்து ஏறுங்க. கூடைய இப்படிக் குடுங்க, நான் வாங்கிக்கிறேன்."

கத்தரிக்காய்க் கூடையுடன் படியில் ஒரு காலை வைத்திருந்த பிச்சையம்மாள், அந்தக் காலைத் திரும்பக் கீழே வைத்துவிட்டாள்.

"ஏம்ப்பா கண்டக்டரு, ஒடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல ஆத்தா. நல்லாத்தான் இருக்கேன்."

"வீட்ல எல்லாரும் சொகந்தானே?"

"எல்லாரும் சொகம். நீங்க ஏறுங்க."

ஏறினாள். ஆனால் கூடையைக் கொடுக்கவில்லை. மடியில் வைத்து இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள்.

இலுப்பூரிலிருந்து புதுக்கோட்டை போகும் ஏழு மணி வண்டியில் பங்கிராஸ் பதினோரு வருடமாகக் கண்டக்டர். அவர் வாய்க்குப் பயந்து ரோட்டோரத்து மாடுகள்கூட ஒதுங்கி நிற்கும் என்பார்கள். 1959ஆம் வருடத் தவக்காலத்தில், ஒரு திங்கட்கிழமை காலை, அவர் இப்படி மாறியதற்குக் காரணம் அவருடைய ஆறு வயது மகள் சூசைமேரி.

முந்தின நாள் சாயங்காலம் அவள் தெருப் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து பஸ் விளையாடினாள். அவள்தான் கண்டக்டர்.

"ஏய் கெழவி! கூடைய எங்க வைக்கிற? இது ஒங்கப்பன் வீட்டு வண்டியா?"

அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக் குழந்தை அழுதுகொண்டே ஓடிவிட்டது.

"என்ன புள்ளடி இது!" என்று பதறினார் பங்கிராஸ்.

அவர் மனைவி ஜெபமாலையம்மாள் அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை. "ஒங்க புள்ளதான். அவ வேற யாரப் பாத்துப் படிப்பா?"

அது அவர் நெஞ்சில் தைத்துவிட்டது. இனிமேல் தன் வண்டியில் ஏறுகிற ஒவ்வொருவரும் தன் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தையாவது கேட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும் என்று முடிவெடுத்தார்.

பிச்சையம்மாளுக்கு அடுத்து வந்தவர் கடலை வியாபாரி ரத்தினவேல். இரண்டு மூட்டைகளோடு வந்து தினமும் சண்டை போடுகிறவர்.

"அண்ணே, ரெண்டையும் உள்ளயே வைங்க. பரவாயில்ல."

சண்டைக்குத் தயாராக மடித்துக் கட்டியிருந்த வேட்டியை ரத்தினவேல் மெல்ல அவிழ்த்துவிட்டார். "என்ன விஷயம்? செக்கிங் வாராங்களா?"

"அதெல்லாம் இல்லண்ணே. ஒழைக்கிற மனுசன் நீங்க. ஒங்களப் பாத்தாலே எனக்குத் தெம்பா இருக்கு."

ரத்தினவேல் போய் பிச்சையம்மாளுக்குப் பின்னால் உட்கார்ந்து, "ஆத்தா, என்னமோ நடக்குது" என்றார்.

வண்டி கிளம்பியது. கிளம்பியதும் பேச்சும் கிளம்பியது.

"வேலைய விட்டு நிறுத்திட்டாங்க போலருக்கு."

"இல்லப்பா, டாக்டரு நாள் குறிச்சுக் குடுத்துட்டாராம்."

பேச்சு நாலாவது வரிசைக்குப் போனபோது வேறு மாதிரி ஆகியிருந்தது. "பிரேக்கு சரியில்லையாம். கடைசி நேரத்துல எதுக்கு மனுசங்கள வையணும்னு பாக்குறாரு."

பங்கிராஸ் காதில் அது விழுந்தது. முன்னால் வந்து நின்று, கனிவாகச் சொன்னார்: "யாரும் பயப்படாதீங்க. வண்டிக்கு ஒரு கோளாறும் இல்ல."

அதுவரை தூங்கிக்கொண்டிருந்த பின்வரிசையும் விழித்துக்கொண்டது.

"எதுக்குப் பயப்பட வேணாங்கிறாரு?"

"எல்லாத்தையும் ஆண்டவர் பாத்துக்குவாரு" என்று ஆறுதலாக ஒரு வார்த்தை சேர்த்தார் பங்கிராஸ்.

பிச்சையம்மாள் ஓவென்று அழுதாள். "நிறுத்துங்கப்பா! நான் நடந்தே போயிக்கிறேன்!"

அன்னவாசலில் வண்டி நின்றதும், பெண்கள் சீட்டில் ஒருத்தியைத் தவிர எல்லாரும் இறங்கிவிட்டார்கள். ரத்தினவேல் மூட்டைகளை ஜன்னல் வழியாகத் தள்ளிவிட்டுப் பின்னாலேயே குதித்தார்.

டிரைவர் நாகராசு கோபமாக வந்தார். "என்னண்ணே, நான் ஓட்டுற வண்டிய நம்பாதீங்கன்னு சொன்னீங்களா?"

"நாகராசு, ஒன்னைய மாதிரி டிரைவர் இந்த ஜில்லாவுலயே கெடையாதுப்பா."

நாகராசுவின் முகம் வெளுத்தது. பதினோரு வருடத்தில் கேட்காத வார்த்தை அது. "அப்ப நெசமாவே பிரேக்குல என்னமோ இருக்கு" என்று சொல்லிவிட்டு வண்டிக்கு அடியில் ஊர்ந்து போய்விட்டார்.

மணி எட்டு. எட்டரைக்குப் புதுக்கோட்டையில் இருக்க வேண்டும். "இன்னொரு தடவ லேட்டானா வீட்டோட இருந்துக்க" என்று போன வாரம்தான் முதலாளி எச்சரித்திருந்தார். பங்கிராஸ் கை கூப்பினார்.

"என்னைய ஒங்க புள்ளையா நெனச்சு ஏறுங்க. கெஞ்சிக் கேட்டுக்கிறேன்."

கூட்டம் பத்தடி அங்கிட்டு நகர்ந்துகொண்டது.

அவ்வளவுதான். பங்கிராஸுக்குள் காலையிலிருந்து அடைத்துக் கிடந்தது திறந்துகொண்டது.

"யோவ் ரத்தினவேலு! மூட்டையோட ஏறுறியா, இல்ல ஒன்னையும் சேத்துக் கட்டி மேல போடவா? ஏ கெழவி! ஒன் கத்தரிக்காய்க்கு மாலை போட்டுக் கூப்புடணுமா? டேய் நாகராசு, வெளிய வாடா! வண்டிக்கு அடியில ஒனக்கென்ன தொட்டிலா கட்டியிருக்கு?"

கூட்டம் முழுவதும் மூச்சு விட்டது.

"அப்பாடி! மனுசன் தேறிட்டாரு!" என்றார் ரத்தினவேல்.

பிச்சையம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தபடி ஏறினாள். இரண்டே நிமிடத்தில் வண்டி நிறைந்து புறப்பட்டது.

பங்கிராஸ் மட்டும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார். ஒரு மணி நேரத்துக்கு மேல் தாக்குப்பிடிக்கவில்லை. பெற்ற பிள்ளை முகத்தில் எப்படி விழிப்பது?

அப்போதுதான் பெண்கள் சீட்டில் இருந்த செவந்தியைப் பார்த்தார். திங்கட்கிழமை தவறாமல் தாய் வீட்டுக்குப் போய்வருகிறவள். டிக்கெட் வாங்கும்போதுகூட ஊர்ப் பெயரை வாய்க்குள்ளேயே முனகுவாள். ஊரே இறங்கி ஓடியபோது இடத்தை விட்டு அசையாதவள் அவள் ஒருத்திதான். பங்கிராஸுக்கு மனம் குளிர்ந்தது. தன் நல்ல வார்த்தை ஒரு காதிலாவது ஏறியிருக்கிறதே!

"நீ மட்டும் எறங்கலையேம்மா. நான் சொன்னத நம்பிட்டியா?"

செவந்தி முந்தானையைத் திருகினாள். வழக்கம்போல மெல்லிய குரலில் சொன்னாள்:

"அதில்லண்ணே, எங்க மாமியாளுக்குப் பதில் சொல்ல வாராவாரம் ஒங்க வாயிலேருந்துதான் நாலு வார்த்த புடிச்சுக்கிட்டுப் போவேன், இன்னைக்கு ஒண்ணும் தேறாது போலருக்கேன்னு கவலையா உக்காந்திருந்தேன்."