இரண்டு பிஷப்புகளும் எங்கள் ஊரின் வயதும்

அன்புள்ள இர்ம்கார்ட் அக்காவுக்கு,

தம்பி ஹார்ட்முட் எழுதுவது. இங்கே என் முழங்காலையும் ஆவண அறையையும் தவிர யாவரும் நலம். வெல்டர்ஸ்பாஹில் நீயும் அத்தானும் கோழிகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். விஷயத்துக்கு வருகிறேன். உன் வீட்டு மாடி அறை காலியாக இருக்கிறதா? ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு இந்த ஊரில் என்னைக் குடியிருக்க விடுவார்கள் என்று தோன்றவில்லை.

அன்றுதான் எங்கள் க்ரூன்ஹௌசனுக்கு எழுநூற்று ஐம்பதாவது ஆண்டு விழா. போன வருஷம் உங்கள் ஊர் எழுநூறைக் கொண்டாடியபோது 'சின்னப் பிள்ளைகள்' என்று கேலி செய்தவன் நான்தான், மறந்திருக்க மாட்டாய். ஊர்ப் பெயர் முதன்முதலில் எந்த ஆவணத்தில் வருகிறதோ அந்த வருஷம்தான் ஊர் பிறந்ததாகக் கணக்கு. எங்கள் ஆவணத்தில் 'பிஷப் கொன்ராடின் மூன்றாம் ஆண்டு' என்று இருக்கிறது. நூறு வருஷத்துக்கு முன் ஒரு பாதிரியார் அதைப் படித்து வருஷம் சொன்னார், அதற்குப் பிறகு யாரும் சரிபார்க்கவில்லை, பத்தொன்பது வருஷமாக ஆவணக் காப்பாளன் என்று சொல்லிக்கொண்டு திரியும் நானும் பார்க்கவில்லை. செவ்வாய்க்கிழமை கண்காட்சிக்காக அந்த ஆவணத்தின் முத்திரையைத் துடைத்தபோதுதான் தெரிந்தது, கொன்ராட் என்று இரண்டு பிஷப்புகள், இது இரண்டாமவர் முத்திரை, அவர் நூற்றுப் பதினோரு வருஷம் பிந்தியவர். எங்கள் ஊருக்கு வயது அறுநூற்று முப்பத்தொன்பதுதான், அக்கா. நீங்கள்தான் மூத்தவர்கள்.

மேயர் ஹைக்கேயிடம் ஓடினேன். என்னிடம் ஆறாம் வகுப்பு படித்தவள். பொறுமையாகக் கேட்டாள். "எழுநூத்தம்பதுல நூத்திப் பதினொண்ணு போனா என்னன்னு எனக்குத் தெரியும் சார், நீங்கதான் சொல்லிக்கொடுத்தீங்க. ஆனா பீர் கிளாஸ்ல நம்பர் போட்டு வந்தாச்சே. நினைவுக்கல்லும் வெட்டியாச்சு." கல்தச்சன் டெட்லெஃபிடம் எழுநூற்று ஐம்பதை அறுநூற்று முப்பத்தொன்பதாக்க முடியுமா என்று கேட்டேன். "கல்லுக்கு ரப்பர் இன்னும் கண்டுபிடிக்கல சார்" என்றான்.

விழா முடிந்ததும் பழைய பள்ளிக்கூட மாடியை ஆவணங்களுக்குத் தருவதாக ஹைக்கே சொல்லியிருந்தாள். இப்போது அவை இருக்கும் நிலவறையில் ஒவ்வொரு மழைக்கும் தண்ணீர் புகுந்து, இருபத்தாறு பெட்டிகளையும் தூக்கித் தூக்கித்தான் என் முழங்கால் போனது. "திங்கக்கிழம வரைக்கும் வாயத் தொறக்காதீங்க சார், சாவி உங்க கையில" என்றாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த மாடி வேண்டும் எனக்கு. ஆனாலும், "பொய் சொல்லி மாடிய வாங்கி, அதுல போய் உண்மைய அடுக்கி வைக்கச் சொல்றியாம்மா?" என்று கேட்டுவிட்டேன். அவள் பெருமூச்சு விட்டாள். "ஆறாங்கிளாஸ்லயும் இப்படித்தான் உசுர வாங்குனீங்க."

ஆகவே ஞாயிறு மேடையில் உண்மையைச் சொல்லிவிட்டு நேரே உன் வீட்டுக்கு வருகிறேன். எனக்கு ஒரு கட்டில் போதும். பெட்டிகளை நடையில் வைத்துக்கொள்கிறேன். அத்தானுக்கு என் அன்பைச் சொல். உன் முட்டைகளும் மூட்டுகளும் உடையாமல் இருக்க வேண்டுகிறேன்.

உன் தம்பி,
ஹார்ட்முட்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. பெட்டிகளைத் தூக்கும்போது ஒரு பழைய நிலப் பதிவேடு கீழே விழுந்து அட்டை பிளந்துவிட்டது. அந்தக் காலத்தில் வேண்டாத தோல் ஆவணங்களை வெட்டித்தான் அட்டைக்குள் வைத்துத் தைப்பார்கள். உள்ளே ஒரு துண்டு. பிஷப் யாரும் இல்லை, வருஷமே தெளிவாக எழுதியிருக்கிறது. கணக்குப் பார்த்தால் எழுநூற்று அறுபத்திரண்டு வருஷம். நான்கு தடவை சரிபார்த்துவிட்டேன். க்ரூன்ஹௌசன்காரர்கள் வெல்டர்ஸ்பாஹ்காரர்களின் பதினோரு வாத்துகளைத் திருடியதாக வழக்கு. ஒரே வரியில் இரண்டு ஊரும் இருக்கிறது, அக்கா. நாம் ஒரே நாளில் பிறந்திருக்கிறோம், நாங்கள் திருடர்களாக, நீங்கள் பறிகொடுத்தவர்களாக.

ஹைக்கே இரண்டு முறை படித்துச் சிரித்து, சாவியைக் கையில் திணித்துவிட்டாள். கல்லில் 'பன்னிரண்டு வருஷம் தாமதம்' என்று கீழே ஒரு வரி வெட்டப் போகிறார்கள். மாடி அறை வேண்டாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை நீ கட்டாயம் வர வேண்டும், பெரிய கூண்டாக எடுத்து வா. வாத்துகளை மேடையில் வைத்துத் திருப்பித் தருகிறோம்.