மாடி வீட்டுக்கு ஒரே ஒரு பிள்ளை

பிள்ளைகள் எத்தனை என்று வீட்டுக்காரர் சுப்புராயன் கேட்டு வாயை மூடுவதற்குள், "ஒண்ணுதான் சார்" என்று அந்தோணிதாஸ் சொல்லிவிட்டார்.

பக்கத்தில் நின்ற தெரசா கணவனைத் திரும்பிப் பார்த்தாள். காலையில் வெள்ளிமலையில் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்தது இரண்டு பிள்ளைகளை. ஆறு வயதில் ராபின், நாலு வயதில் ஜூலியா. கணக்கில் குழப்பம் வர வழியே இல்லை.

அந்தோணிதாஸையும் குறை சொல்வதற்கில்லை. அன்று காலையில் மட்டும் கள்ளக்குறிச்சியில் இரண்டு வீட்டுக்காரர்கள், "ரெண்டு புள்ளைங்களா?" என்று கேட்டுவிட்டு, வாடகைக்கு விடுகிற எண்ணத்தையே மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

எட்டு வருஷம் கல்வராயன் மலைமேல் அந்த வெள்ளிமலையில் வாத்தியாராக இருந்தவருக்கு இப்போது கீழே மாற்றல். அதைவிடப் பெரிய சங்கதி தெரசாவுடையது. லேப் டெக்னீஷியன் படித்துவிட்டு, ராபின் பிறந்ததிலிருந்து மலையில் சும்மா கிடந்தவளுக்கு, பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை கிடைத்திருந்தது. காலை ஆறரைக்கு அங்கே இருக்க வேண்டும். வெறும் வயிற்றோடு வருகிறவர்கள் பொறுமையாகக் காத்திருக்க மாட்டார்கள்.

அந்தோணிதாஸின் மனசு என்னவோ பொன்வயல் நகரில்தான் இருந்தது. ஊருக்கு வெளியே ஐந்து கிலோமீட்டர். போன வருஷம் வரை கரும்பு நின்ற இடம். இப்போது ஒரு அலங்கார வளைவு, மூன்று வீடு, மீதியெல்லாம் எல்லைக்கல். பிள்ளைகள் ஓட இடம் ஏராளம். பார்க்கப் போன அன்றே ராபின் ஒரு பாம்புச் சட்டையைக் கண்டுபிடித்து, துண்டு மாதிரி தோளில் போட்டுக்கொண்டு வந்தான். ஆனால் எட்டரைக்கு முன்னால் ஷேர் ஆட்டோ அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. பைக்கில் கொண்டுபோய் விடலாம் என்றால், அந்த நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அங்கே பாம்பைத் தவிர ஆளில்லை.

ஆக, டவுனில் வீடு கிடைத்தால் தெரசாவுக்கு வேலை. கிடைக்காவிட்டால் வேலை போச்சு. இந்த மாடி வீடு புரோக்கர் செல்லமுத்து காட்டிய கடைசி வீடு.

"ஒண்ணுதானா?" என்று கேட்ட சுப்புராயனின் முகம் தொங்கிப்போயிற்று.

ஒன்றே அதிகம் போலிருக்கிறது என்று அந்தோணிதாஸ் பதறிவிட்டார். அதுவும் பெண் பிள்ளை, உட்கார வைத்தால் உட்கார்ந்த இடத்திலேயே இருக்கும், வீட்டில் பிள்ளை இருப்பதே தெரியாது என்று அடுக்கினார். அடுக்க அடுக்க சுப்புராயன் வாடிக்கொண்டே போனார்.

லீவுக்குச் சொந்தக்காரப் பிள்ளைகள் வருவார்களா என்று கேட்டார். ஒருத்தரும் வரமாட்டார்கள் என்றார் அந்தோணிதாஸ். நாய் வளர்ப்பீர்களா? பூனைகூடக் கிடையாது. மசாலா இடிக்கிற உரல்?

"தூளு பாக்கெட்டுதான் சார் வாங்கறோம்" என்றாள் தெரசா. அவளும் பொய்யில் இறங்கிவிட்டாள்.

இதையெல்லாம் கீழ் வீட்டில் குடியிருக்கும் கண்ணாயிரம் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். மனிதருக்கு முகமெல்லாம் சந்தோஷம். "தங்கமான குடும்பம். இவங்களுக்கே குடுத்துடுங்க" என்று வலியச் சிபாரிசு செய்தார். குடிவருவதற்கு முன்பே இப்படி ஒரு ஆதரவா என்று அந்தோணிதாஸ் உருகிப்போனார். சுப்புராயன் மட்டும் கண்ணாயிரத்தை முறைத்துவிட்டு, "ஞாயித்துக்கெழம புள்ளைய கூட்டியாங்க. பாத்துட்டுச் சொல்றேன்" என்றார்.

பஸ்ஸில் மலையேறும்போது தெரசா கேட்டாள்: "குடி வந்தப்புறம் ராபின எங்க ஒளிச்சு வைப்பீங்க?"

முதலில் வீடு கைக்கு வரட்டும், பிறகு அவனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டிக்கொள்ளலாம் என்றார் அந்தோணிதாஸ். ஏதோ வாரம் ஒரு கையாக, ஒரு காலாகக் காட்டுவது போல.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நாலு பேரும் இறங்கினார்கள். தெருமுனை டீக்கடையில் ராபினைச் செல்லமுத்துவிடம் ஒப்படைத்து, இரண்டு பன் வாங்கிக் கொடுத்தாயிற்று. ஜூலியாவுக்குச் சிலை விளையாட்டு. அசையாமல், பேசாமல் இருந்தால் கண்ணை மூடித் திறக்கிற பொம்மை பரிசு.

பொம்மைக்காக அந்தப் பிள்ளை உயிரைக் கொடுத்து நடித்தது. காலி மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த சுப்புராயனும் அவர் மனைவி சாலம்மாளும் கொஞ்சிப் பார்த்தார்கள், முறுக்கு நீட்டினார்கள். ஜூலியா கண்ணைக்கூட இமைக்கவில்லை.

"புள்ளைக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லியா?" என்று சாலம்மாள் கவலையோடு கேட்டாள்.

"இதுதாங்க சுபாவம்" என்றார் அந்தோணிதாஸ்.

"கொஞ்சம் குதிக்கச் சொல்லுங்களேன்" என்றார் சுப்புராயன். சோதிக்கிறார் என்று அந்தோணிதாஸுக்குத் தெரியாதா? குதிக்கவே தெரியாது என்று சொல்லிவிட்டார். சுப்புராயன் பெருமூச்சு விட்டார்.

அப்போதுதான் தெருவில் அந்தச் சத்தம் கேட்டது.

"அப்பாவ்!"

பன் தீர்ந்துவிட்டது. வெள்ளிமலையில் ராபின் ஒரு சரிவில் நின்று எதிர்ச் சரிவில் இருக்கும் வீட்டுக்குக் குரல் கொடுத்துப் பழகியவன். அந்தத் தொண்டைக்குக் கள்ளக்குறிச்சித் தெரு எம்மாத்திரம்? கூடவே இரும்புக் கேட்டில் தொற்றி ஏறி, கிறீச் கிறீச்சென்று ஊஞ்சல் வேறு ஆடினான். கீழே கண்ணாயிரம் வீட்டு ஜன்னல்கள் படார் படாரென்று சாத்தப்பட்டன.

சுப்புராயன் எழுந்து ஓடிப்போய்க் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்தார். பின்னாலேயே போன அந்தோணிதாஸ், கோபத்தில்தான் ஓடுகிறார் என்று நினைத்தார்.

"யாரு வூட்டுப் புள்ள அது?"

"தெரியல சார்."

"உங்களப் பாத்துதான் கூப்புடற மாதிரி கீது?"

"ஆளு மாறியிருக்கும் சார்."

"அப்பான்னு கூப்புடுதே?"

"எல்லாப் புள்ளையும் அப்பான்னுதான் சார் கூப்புடும். அதுக்கும் எனக்கும் சம்பந்தமே இல்ல."

சேவல் கூவுமுன் ஏசுவைத் தெரியவே தெரியாது என்று மூன்று முறை சொன்ன பேதுருவின் பாகத்தை, வருஷாவருஷம் பெரிய வெள்ளியன்று கோயிலில் வாசிக்கிறவர் அந்தோணிதாஸ்தான். இப்போது இவரும் மூன்று முறை மறுதலித்தாயிற்று. சேவல் கூவுவது ஒன்றுதான் பாக்கி. பெற்ற பிள்ளை கீழே நின்று கத்த, இவர் சுவரில் பூசிய சுண்ணாம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜூலியா அண்ணன் குரலுக்குக்கூடத் தலையைத் திருப்பவில்லை. செல்லமுத்து மூச்சிரைக்க ஓடிவந்து பையனைக் கேட்டிலிருந்து பிய்த்து எடுத்துக்கொண்டு போனார்.

சுப்புராயன் அந்தத் திசையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு திரும்பி, "இந்த வூடு உங்களுக்கு ஒத்துவராதுங்க. மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க" என்றார். இவ்வளவு அமைதியான பிள்ளைக்கே வீடு இல்லையென்றால் இந்த ஊரில் யாருக்குத்தான் வீடு தருவார்கள் என்று அந்தோணிதாஸுக்கு ஆத்திரம் வந்தது. கும்பிட்டுவிட்டு இறங்கிவிட்டார்.

டீக்கடைக்கு வந்ததும் தெரசா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பொன்வயல் நகரையே முடிச்சுடுங்க. நான் வேலைக்கு வரலன்னு போன் பண்ணிடறேன்" என்றாள். வேலையும் போயிற்று, பிள்ளையையும் இல்லையென்று சொல்லியாயிற்று.

"நான் அவ்ளோ நேரமா கூப்ட்டேனே, ஏம்பா திரும்பியே பாக்கல?" என்றான் ராபின். அந்தோணிதாஸ் அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

தெரசா பரிசோதனை நிலையத்தின் நம்பரைத் தேடிக்கொண்டிருந்தபோது செல்லமுத்துவின் போன் அடித்தது. உம் கொட்டிக்கொண்டே கேட்டவர், கடைசியில் போனைக் கையால் பொத்திக்கொண்டு அந்தோணிதாஸ் பக்கம் குனிந்தார்.

"சுப்புராயன்தான் பேசறாரு சார். கீழ் வூட்டு கண்ணாயிரம் ஆறு வருஷமா காலி பண்ண மாட்டேங்கறாராம். மேல குதிச்சு ரகளை பண்ற புள்ளைங்களா வந்தா தன்னால ஓடிடுவாருன்னு, வெளிய சொல்லவும் முடியாம தேடிக்கினு இருந்தாராம். கேட்டுல தொங்கிக்கினு கத்துச்சே ஒரு புள்ள, அதோட அப்பன் யாருன்னு கண்டுபிடிச்சு உடனே கூட்டியா, வூடு அவனுக்குத்தாங்கறாரு. இன்னா சார் சொல்லட்டும்?"