சம்பந்தியோடு சுற்றிய வருஷம்

திருநெல்வேலிச் சீமையில் சம்பந்திக்கு உறவு இல்லாத ஊர் ஒன்றுகூடக் கிடையாது. மேற்கே பாபநாசத்தில் தொடங்கி, கிழக்கே தாமிரபரணி கடலில் கலக்கிற இடம் வரைக்கும், எந்த ஊரில் பஸ் நின்றாலும் இறங்கி, ஏதாவது ஒரு வீட்டுக்குள் உரிமையோடு நுழைந்து, "என்ன சம்பந்தி, சௌக்கியமா?" என்று விசாரித்து, ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு வரக்கூடியவர். இதில் ஒரே ஒரு சின்னச் சிக்கல். சம்பந்திக்குக் கல்யாணமே ஆகவில்லை.

கட்டிக்கொடுக்கப் பெண்ணும் இல்லை, கட்டிவைக்கப் பையனும் இல்லை. ஆனாலும் அவருக்கு உலகத்தில் எல்லோரும் சம்பந்திதான். அதனால் ஊருக்கு அவரும் சம்பந்தி. டீக்கடைக்காரர் சம்பந்தி, கண்டக்டர் சம்பந்தி, பல் பிடுங்குகிற டாக்டர் சம்பந்தி. பொதுப்பணித் துறையில் எழுத்தராக இருந்தார். ஆய்வுக்கு வந்த மேலதிகாரியையும் வாய் தவறி அப்படிக் கூப்பிட்டு மெமோ வாங்கினார். அந்த மெமோவுக்கு எழுதிய பதிலை "மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு" என்றுதான் ஆரம்பித்தார் என்று ஒரு கதை உலவியது. பதில் கதை பொய்யாக இருக்கலாம். மெமோ நிஜம்.

தொண்ணூறுகளின் நடுவில் எனக்குத் திருநெல்வேலிக்கு மாற்றல் வந்தது. மனைவி திருச்சியில் பள்ளிக்கூட ஆசிரியை. மகளுக்கு மூன்று வயது. அவர்களை விட்டுவிட்டு நான் மட்டும் ஜங்ஷனில் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு லாட்ஜில் மாத வாடகைக்கு அறை எடுத்தேன். பக்கத்து அறையில் சம்பந்தி.

சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் அந்த லாட்ஜ் காலியாகிவிடும். எல்லோருக்கும் பக்கத்தில் சொந்த ஊர். கொடிக் கயிற்றில் என் துண்டு மட்டும் ஆடிக்கொண்டிருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் திருச்சிக்குப் பேசுவேன். மனைவி மகளிடம் ரிசீவரைக் கொடுப்பாள். குழந்தை ஒரு வார்த்தை பேசாது. மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். அதைக் கேட்டுவிட்டு வந்து கட்டிலில் படுத்தால் அன்றைய நாள் எனக்கு முடிந்துபோகும்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் சம்பந்தி கதவைத் தட்டாமல் உள்ளே வந்தார். ஐம்பதைத் தொட்ட வயது, வெள்ளை வேட்டி, கையில் மஞ்சள் பை.

"லீவு அதுவுமா என்னவே படுத்துக் கெடக்கீரு? இங்கன ஒமக்குச் சொந்தக்காரங்க யாரு?"

யாருமில்லை என்றேன். அவர் நம்பவில்லை. ஒரு மனிதனுக்குத் திருநெல்வேலி ஜில்லாவில் யாருமே இல்லாமல் இருக்க முடியும் என்பதை அவரால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. நன்றாக யோசிக்கச் சொன்னார். யோசித்ததில், அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அக்கா ஒருத்தி அம்பாசமுத்திரத்தில் இருப்பதாகச் சின்ன வயதில் கேட்ட ஞாபகம் வந்தது. அதைச் சொல்லிவிட்டு மறந்தும் போனேன்.

அடுத்த ஞாயிறு சாயங்காலம் கையில் ஒரு ஊறுகாய் ஜாடியோடு வந்து நின்றார்.

"ஒம்ம பெரியம்மாவப் பாத்துட்டு வாரேன். கண்ணுல புரை. அடுத்த மாசம் ஆபரேஷன். ஒமக்குத் தெரியாது?"

தெரியாது என்றேன்.

"என்ன மனுசன்வே நீரு" என்றார். நிஜமாகவே வருத்தப்பட்டார்.

பெயர்கூடத் தெரியாத வீட்டை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன். ஊரில் இறங்கி, திருச்சிப் பக்கம் பெண் கொடுத்த குடும்பம் எது என்று விசாரித்தாராம். மூன்று வீட்டில் சாப்பிட்ட பிறகு சரியான வீடு கிடைத்ததாம்.

மறு வாரம் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். பெரியம்மா அவரைப் பார்த்ததும், "வாங்க தம்பி, பஸ்ஸுல உக்கார இடம் கெடச்சுதா?" என்று வாய் நிறையக் கேட்டாள். பிறகு என் பக்கம் கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "கூட வந்திருக்கது யாரு?" என்றாள்.

எந்த வீட்டுக்குப் போனாலும் அவர் பையில் ஒரு சேனைக்கிழங்கு இருக்கும். திருநெல்வேலியிலிருந்து போகிறவர்கள் எல்லோரும் அல்வா வாங்கிக்கொண்டு போக, இவர் மட்டும் மண் ஒட்டிய சேனைக்கிழங்கைத் தூக்கிக்கொண்டு போவார். கேட்டதற்கு அவர் சொன்ன விளக்கத்தை மறுக்க என்னால் முடியவில்லை. "அல்வாவத் தின்னா தீந்துபோச்சு. சேனைக்கிழங்குன்னா நாலு நாளு அடுப்படியில கெடக்கும். பாக்கும்போதெல்லாம் நம்ம நெனப்பு வரும்லா."

அந்த வருஷம் நான் போன இடங்களெல்லாம் அவரோடு போனவைதான். நாங்குநேரியில் ஒரு கல்யாணம், வாரும் என்றார். யாருக்குக் கல்யாணம் என்று கேட்டேன். "போய்ப் பாத்தாத்தான தெரியும்" என்றார்.

போனோம். பெண் வீட்டார் எங்களை மாப்பிள்ளை வீடு என்று நினைத்து வரவேற்றார்கள். மாப்பிள்ளை வீட்டார் பெண் வீடு என்று நினைத்து மரியாதை செய்தார்கள். சம்பந்தி இரண்டு மரியாதையையும் பேதம் பார்க்காமல் ஏற்றுக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டி, பந்தியில் சாம்பார் வாளியோடு இறங்கிவிட்டார். நான் ஒரு தூணுக்குப் பின்னால் மறைந்து நின்றேன்.

நடுவில் ஒரு கலவரம். காபி ஆறிப்போயிருந்தது என்று மாப்பிள்ளையின் சித்தப்பா கோபித்துக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு நெடுஞ்சாலைக்குப் போய் பஸ்ஸுக்கு நின்றுவிட்டார். பெண் வீட்டார் சம்பந்தியிடம் ஓடிவந்து, "உங்க ஆளு, நீங்கதான் சமாதானம் செய்யணும்" என்றார்கள். மாப்பிள்ளை வீட்டார் வந்து, "பொண்ணு வீட்டுப் பெரியவரு நீங்க ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டா சரியாயிரும்" என்றார்கள். சம்பந்தி போய் அந்தச் சித்தப்பாவின் பக்கத்தில் நின்றார். காபியைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

"கோவப்பட்டது நூத்துக்கு நூறு சரி, சம்பந்தி. ஆனா நாகர்கோவில்லேர்ந்து வார பஸ்ஸெல்லாம் இந்நேரம் நெறஞ்சு வரும். கை காட்டினாலும் நிக்க மாட்டான். வயித்தக் காயப்போடாதேயும். சாப்பிட்டுட்டு வந்து கோவப்படும்."

சொல்லி வைத்தது போல இரண்டு பஸ்கள் நிற்காமல் போயின. சித்தப்பா சாப்பிட வந்தார். பாயசம் வந்ததும் கோபம் மறந்துபோனது. நாங்கள் கிளம்பும்போது இரண்டு வீட்டாரும் தனித்தனியாகத் தாம்பூலப் பை கொடுத்தார்கள். இன்றுவரை அந்தத் தம்பதி யார் என்று எனக்குத் தெரியாது. நன்றாக இருக்கட்டும்.

மழைக்காலம் முடிந்த பிறகு லாட்ஜ்காரர்கள் எல்லோரும் சேர்ந்து மணிமுத்தாறு போவதாக ஏற்பாடு. வேன் பிடிப்பது, சமையலுக்குச் சொல்வது எல்லாம் சம்பந்தியின் பொறுப்பு. விடிந்தால் ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம். ஒருவர் மாமனாருக்குக் காய்ச்சல், ஒருவர் குழந்தைக்குக் காது குத்து. கடைசியில் வேனில் ஏறியது நானும் அவரும்தான். இருபது பேருக்கான புளிச்சோறும் எங்களோடு வந்தது.

வழியெல்லாம் அவர் காலி சீட்டுகளைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தார். அருவியில் குளித்து முடித்ததும் அண்டாவைத் திறந்து வைத்து, அங்கே வந்திருந்த முகம் தெரியாதவர்களையெல்லாம் "வாங்க சம்பந்தி, வாங்க" என்று கூப்பிட்டு இலை போட்டார். எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் என்று விசாரித்துக்கொண்டே பரிமாறினார். அவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். மறுபடி நாங்கள் இருவர்.

அப்போதுதான், உங்களுக்குச் சொந்தத்தில் யாருமில்லையா அண்ணாச்சி என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாமோ என்று உடனே தோன்றியது. அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து பாறையில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார்.

ஒரே தங்கை. திருநெல்வேலி டவுணில்தான் இருக்கிறாள். ஜங்ஷனிலிருந்து டவுண் பஸ் ஏறினால் ஒரு வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் போய்விடலாம். கணவர் ஜவுளிக்கடை வைத்திருக்கிறார். அவர்களுடைய ஒரே பெண்ணுக்குச் சடங்கு வைத்த அன்று, தாய்மாமனாகப் பட்டுப்பாவாடையோடு காலையிலேயே போய் நிற்க வேண்டியவர் இவர். ஆனால் அன்றைக்கே கல்லிடைக்குறிச்சியில் யாரோ ஒருவர் வீட்டுக் கல்யாணம். தலையைக் காட்டிவிட்டு வந்துவிடலாம் என்று போனார். பரிமாற ஆள் குறைவு என்று வாளியைக் கையில் கொடுத்துவிட்டார்கள். திரும்பும்போது பஸ் டயர் வெடித்தது. இவர் போய்ச் சேர்ந்தபோது தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் மாமன் இடத்தில் நின்று சடங்கை முடித்திருந்தார். கூடியிருந்தவர்கள் முன்னால் தங்கை கணவர் கேட்டார், "ஊரான் வீட்டுப் பந்தியெல்லாம் முடிஞ்சுதா மச்சான்?"

பட்டுப்பாவாடையை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பியவர் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை.

நீங்கள்தான் கூப்பிடாமலே எல்லா வீட்டுக்கும் போவீர்களே, அங்கேயும் போகலாமே என்றேன்.

"மத்த வீட்டுக்கெல்லாம் கூப்பிடாமப் போவேன். அந்த வீட்டுக்குக் கூப்பிட்டாத்தான் போவணும். ஏன்னா அது எம் வீடுவே" என்றார்.

தை பிறந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை லாட்ஜ் மாடிப்படியில் ஒரு பெண் குரல் கேட்டது. அந்தப் படியில் அதுவரை பெண்கள் ஏறியதே இல்லை. பனியனோடு நின்ற நான் அறைக்குள் ஓடிச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தேன். சம்பந்தியின் தங்கை. கையில் தட்டு, வெற்றிலை பாக்கு, கல்யாணப் பத்திரிகை. பெண்ணுக்குக் கல்யாணம்.

சம்பந்தி அறை வாசலிலேயே நின்றார். உள்ளே வா என்றுகூடச் சொல்லத் தோன்றவில்லை அவருக்கு. "மாப்பிள்ள வரலையா?" என்று தங்கை கணவரைப் பற்றி மட்டும் கேட்டார்.

"கீழ ஸ்கூட்டர்ல நிக்காவ. மேல ஏற மாட்டேங்காவ."

"அப்ப நானும் வரல. அவரு வந்து கூப்பிடட்டும்."

தங்கை அழவில்லை, சண்டையும் போடவில்லை. அறைக்குள் எட்டிப் பார்த்தாள். ஒரு கட்டில், ஒரு மண்பானை, சுவரில் ஒரு சட்டை. அவ்வளவுதான் அந்த அறை. தட்டைக் கட்டில்மேல் வைத்துவிட்டுச் சொன்னாள்.

"கூப்பிடாத வீட்டுக்கெல்லாம் போவுத. கூப்பிடுத வீட்டுக்கு வர மாட்டியாண்ணே?"

பதிலுக்கு நிற்காமல் இறங்கிப் போனாள். நான் வராந்தாவிலிருந்து கீழே பார்த்தேன். டீக்கடை ஓரம் ஸ்கூட்டரில் உட்கார்ந்திருந்தவர் மாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எதிர்ச்சுவரில் இருந்த சினிமா போஸ்டரைப் படிக்க ஆரம்பித்துவிட்டார்.

கல்யாணத்தன்று நான் எழுந்தபோது பக்கத்து அறை பூட்டியிருந்தது. எங்கேயாவது பஸ் ஏறிவிட்டார் என்று நினைத்து, அவருக்குப் பதிலாக நானாவது தலையைக் காட்டுவோம் என்று டவுணுக்குப் போனேன். அவர் அங்கே இருந்தார். வாசலில் வாழைமரம் கட்டுவதற்கு முன்னாலேயே வந்துவிட்டாராம். அவரைத் தாண்டித்தான் சமையல்காரர்களே உள்ளே போனார்களாம்.

கடைசி வரிசையில் ஓரத்து நாற்காலியில், இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஊரார் கல்யாணத்தில் எல்லாம் வாளி தூக்கி ராஜாங்கம் செய்கிற மனிதர், தன் தங்கை மகள் கல்யாணத்தில் காபிக்குக்கூட எழுந்திருக்கவில்லை. யாரையும் சம்பந்தி என்று கூப்பிடவில்லை. அவரை அவ்வளவு அந்நியராக நான் பார்த்ததே இல்லை. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

தாய்மாமன் மாலை போட வேண்டிய நேரம் வந்தது. மேடையில் கொஞ்சம் குசுகுசுப்பு. தங்கை கணவர் மேடையிலிருந்து இறங்கி, நாற்காலிகளுக்கு நடுவே நடந்து, கடைசி வரிசைக்கு வந்து எங்கள் முன்னால் நின்றார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சாப்டீயளா?"

தாலியே இன்னும் கட்டவில்லை. பந்தி எங்கிருந்து போட்டிருப்பார்கள்?

"இல்ல" என்றார் சம்பந்தி.

"சரி, வாங்க. நேரமாவுது."

அவ்வளவுதான். சம்பந்தி எழுந்தார். போகிற வழியில் செருப்பைக் கழற்ற மறந்து, மேடைப் படியில் நினைவு வந்து, திரும்பி வந்து என் காலடியில் விட்டுவிட்டுப் போனார். மாலையைப் பெண்ணின் கழுத்தில் போட்டுவிட்டு, அது நேராக விழுகிறதா என்று இரண்டு தடவை சரிசெய்தார்.

தங்கை வீட்டில் இருந்துவிட்டுப் போகச் சொன்னார்கள். அவர் கேட்கவில்லை. சாயங்காலமே லாட்ஜுக்கு வந்துவிட்டார். ஏன் என்று கேட்டேன். "பொண்ணு புருசன் வீட்டுக்குப் போயிட்டா. தங்கச்சி அழுதுக்கிட்டிருக்கா. அங்கன இருந்தா நானும் அழுவேன். பழக்கமில்லாத வேலை" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். அடுத்த ஞாயிறு வழக்கம்போல எங்கேயோ பஸ் ஏறினார். ஆனால் திரும்பும்போது டவுணில் இறங்கிவிட்டு வந்தார் என்று ஒரு கண்டக்டர் சொன்னார்.

சித்திரையில் எனக்குத் திருச்சிக்கே மாற்றல் கிடைத்தது. கிளம்புகிற அன்று லாட்ஜ்காரர்கள் எல்லோரும் பஸ் நிலையத்துக்கு வந்தார்கள். சம்பந்தி மட்டும் வரவில்லை. அறை முந்தின நாளே பூட்டியிருந்ததாம். வீட்டுக்குப் போகிற சந்தோஷத்திலும் அது எனக்கு உறுத்தியது. ஒரு வருஷம் ஊர் ஊராக அலைந்த மனிதருக்கு என்னை வழியனுப்ப இரண்டு நிமிஷ நடை தூரமாகிவிட்டதே என்று மதுரை தாண்டும்வரை குமைந்துகொண்டே போனேன்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தால், கூடத்து நாற்காலியில் சாய்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார் சம்பந்தி. நான் பெட்டியோடு வாசலில் நிற்க, வீட்டுக்காரர் மாதிரி எழுந்து வந்து வரவேற்றார்.

"வாரும், வாரும். பிரயாணம் சௌகரியமா?"

முந்தின நாளே கிளம்பி வந்துவிட்டாராம். வருகிற மனிதனை வரவேற்க ஆள் வேண்டாமா என்றார். என்னோடு தொலைபேசியில் ஒரு வார்த்தை பேசாத என் மகள் அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஓடிவந்து, ரகசியம் சொல்வதுபோல என் காதில் சொன்னாள்.

"அப்பா, நம்ம பெரியப்பா வந்திருக்காங்க."

நான் எங்கள் வீட்டுக்கு மூத்த பிள்ளை. எனக்கு அண்ணன் என்று யாரும் கிடையாது. ஆனாலும் குழந்தையைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை.