நாடி சொன்ன சாட்சி

எல்லாரும் சௌக்கியமா? சளி, இருமல், முட்டிவலி எல்லாம் ஒதுங்கியிருக்கின்றனவா? அப்படியென்றால் சாய்ந்து உட்கார்ந்து இந்தத் தையல்காரியின் கதையைக் கேளுங்கள்.

"கையைக் குடுங்க," என்றாள் அவள்.

"செருப்பையாவது கழட்ட விடு," என்றான் கணவன்.

"ஏன் இவ்வளவு லேட்டு?"

"மேல்வீட்டுல மோட்டார் ஓடல. சரி பண்ணிட்டு வரேன்."

அவன் எலக்ட்ரீஷியன். அவள் பகலில் தையல் மெஷின், சாயங்காலம் மருத்துவ உதவியாளர் வகுப்பு என்று ஓடிக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை செய்முறைத் தேர்வு. தேறிவிட்டால் தெருமுனைக் கிளினிக்கில் வேலை. அப்புறம் ஊரார் இடுப்பையெல்லாம் அளக்க வேண்டாம். நாடி பார்க்கச் சொல்லிக்கொடுத்த அன்று மட்டும் பள்ளிச் சீருடைகள் மலைபோலக் குவிந்துவிட்டதால் வகுப்புக்குப் போகவில்லை. 'கையைப் பிடிக்க என்ன பாடம்? கல்யாணத்தன்னிக்கே பிடிச்சதுதானே!' என்று விட்டுவிட்டாள்.

அவன் மணிக்கட்டில் கட்டைவிரலை அழுத்தி வைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள்.

"நூத்திரண்டு! சும்மா இருக்கிற மனுஷனுக்கு எழுபது, எண்பதுதானே இருக்கணும்? என்ன மறைக்கிறீங்க?"

"நான் என்னத்தை மறைக்கப் போறேன்?"

"மேல்வீட்டுல யாரு இருந்தா?"

"பேங்க்காரம்மாதான். வேற யாரு இருப்பா?"

தனியாக இருக்கிற பேங்க்காரம்மாவா! மறுபடி எண்ணினாள். நூற்றுப் பத்து!

மறுநாள் அவன் உஷாராகிவிட்டான். வந்ததும் ஒரு சொம்பு தண்ணீர் குடித்தான், ஆற அமரப் படுத்தான், பிறகு தானே கையை நீட்டினான். அவள் குனிந்ததும் மூக்கு விடைத்தது.

"இது நம்ம வீட்டு சோப்பு வாசனை இல்லையே!"

"கையெல்லாம் கிரீஸ். பேங்க்காரம்மா சோப்பு குடுத்தாங்க."

"மறுபடியும் அங்கேயா?"

"மறுபடியும் மோட்டார் நின்னுடுச்சு!"

நூற்றுப் பதினெட்டு.

எதையாவது ஒப்புக்கொண்டால்தான் விடுவாள் என்று அவனுக்குத் தோன்றியது.

"சரி, சொல்லிடறேன். உங்கம்மா குடுத்த பூ ஜாடியை உடைச்சது பூனை இல்ல. நான்தான்."

"அடப்பாவி!" என்று பல்லைக் கடித்துக்கொண்டே எண்ணினாள். நூற்று இருபத்தைந்து!

"உண்மையைச் சொன்ன பிறகும் ஏறுதுன்னா, உள்ளே இன்னும் பெரிசா ஏதோ இருக்கு!"

அம்மாவுக்குப் போன் போட்டாள். அம்மா எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்த்தாள்: "அந்த மூஞ்சியை நம்பாதேடி. பூனையும் கண்ணை மூடிக்கிட்டுத்தான் பால் குடிக்கும்."

பூனை மேல் ஏற்கெனவே ஒரு பழி இருந்தது, இது இரண்டாவது. அவன் தலையணை கூடத்துக்கு வந்தது. அவள் துணிமணிகள் பெட்டிக்குள் போயின. "பரீட்சை முடியட்டும். நான் எங்கம்மா வீட்டுக்குக் கிளம்பறேன்."

வெள்ளிக்கிழமை, தேர்வுக்கு வீட்டிலிருந்து ஒருவரைக் கூட்டி வரச் சொல்லியிருந்தார்கள். அவனைத்தான் கூட்டிப் போனாள். ஆஸ்பத்திரித் தலைமை நர்ஸ்தான் தேர்வாளர்.

அவள் அதே மாதிரி பிடித்து எண்ணினாள். "நூத்தி முப்பது, சிஸ்டர்."

நர்ஸ் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு தானும் எண்ணினார். "எழுபத்திரண்டுதானே இருக்கு?"

"பாத்தீங்களா சிஸ்டர்! நான் தொட்டா குதிக்குது, மத்தவங்க தொட்டா சாந்தமாயிடுது! இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவன் நிலம் பிளக்காதா என்று பார்த்தான்.

"எங்கே, மறுபடி பிடி," என்றார் நர்ஸ்.

பிடித்தாள். நர்ஸ் அவள் கட்டைவிரலை எடுத்துவிட்டு, அடுத்த மூன்று விரல்களையும் அவன் மணிக்கட்டில் வைத்தார். "இப்ப எண்ணு."

எண்ணினாள். எழுபத்திரண்டு. "சிஸ்டர், எப்படி இறங்கிச்சு?"

"இப்ப சரியா எண்ணினதுக்குப் பாஸ் போடறேன். ஆனா அவருக்கு ஏறவும் இல்ல, இறங்கவும் இல்ல. கட்டைவிரல்லயும் நாடி ஓடும்மா. இத்தனை நாளா நீ எண்ணினது உன்னோடதை!"

உங்கள் வீட்டிலும் இப்படி யாராவது யார் கையையாவது பிடித்துக்கொண்டு நிற்கிறார்களா? ஒளிக்காமல் எழுதி அனுப்புங்கள்.